பையும் எண்ணமும்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் பாறசாலையைக் கடந்தால் தமிழகத்தின் களியக்காவிளை. இடையே மாநில எல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளைத் தமிழகம் 2019 ஜனவரி 1 முதலும், கேரளம் 2020 ஜனவரி 1 முதலும் தடைசெய்தன. ஆகவே ஓராண்டுக் காலம் ஒருபுறம் விலக்கப்பட்டது மறுபுறம் விலக்கப்படவில்லை. மனிதரின் எண்ணமோ சட்டத்தினால் மட்டும் உருவாவதன்று.

உளவியலறிஞர் ஐசக் ஐசன் 1991இல் விளக்கிய கொள்கைப்படி எண்ணத்திற்குக் காரணங்கள் மூன்று: செயலைப் பற்றிய சொந்த அபிப்பிராயம், பிறர் எதிர்பார்ப்பு, தன்னால் இயலும் என்னும் நம்பிக்கை. நமது பிரசாரம் பெரும்பாலும் முதலாவதைத் தாண்டுவதில்லை. நாட்டுப்புறத்தாரின் அடையாளமெனப் பரிகசிக்கப்பட்ட மஞ்சள் பைக்கு மதிப்பளிக்க முயன்ற, தமிழக அரசின் 2021ஆம் ஆண்டு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் இரண்டாவதைத் தொட்டது. மூன்றாவதே கடினம். மீன் வாங்க வருபவர் கடலுக்கு நேரும் கேட்டை நன்கறிந்தவராயிருக்கலாம். கையில் பாத்திரம் இல்லையேல் அவரது எண்ணம் கடை வாயிலோடு முடிந்துவிடும். ஆதலால் கள ஊழியர் முதலில் விசாரிக்கவேண்டியது, புறப்படும்போது பாத்திரம் கண்ணில் படும் இடத்தில் உள்ளதா என்பதையே.