கடை யாருடையது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரப் பள்ளிகளில் 7, 8-ஆம் வகுப்பு மாணவர்களிடம், அவரவர் தெருவிலுள்ள ரேஷன் கடைப் பெயர்ப்பலகையை முழுவதும் எழுதி வரச் சொல்லுங்கள். பெரும்பாலான நோட்டுகளில் ‘கூட்டுறவு’ என்ற சொல் இருக்கும். தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் மிகப் பெரும்பகுதியைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. ஆனால் அது யாருடைய கடை என்று கேட்டால், ‘கவர்மெண்ட் கடை’ என்றுதான் விடை வரும். பெற்றோரைக் கேட்டாலும் அதே விடைதான்.

கூட்டுறவுக் கடை என்பது அதில் பொருள் வாங்குகிறவர்களே உடைமையாளர்களாக இருக்கும் கடை. இந்த எண்ணம் தொழிலாளர் ஊர் ஒன்றிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ராச்டேல் ஒரு நெசவாலை நகரம். கூலி குறைவு, கடன் கொடுக்கும் கடைக்காரர் சொன்னதே விலை. மாவில் படிகாரமும் சுண்ணாம்புத் தூளும் கலந்த காலம் அது. நெசவாளர்களும் பிற கைத்தொழிலாளர்களுமாக 28 பேர், வாரந்தோறும் சில பென்னிகளாகச் சேர்த்து ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டார்கள். 1844 டிசம்பர் 21 அன்று டோட் லேன் என்ற தெருவில் கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி: சரக்கு அவ்வளவுதான். கலப்படம் இல்லை, எடை குறையாது, கடன் கிடையாது, பங்கு எத்தனை இருந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரே வாக்கு என்பவை அவர்களுடைய விதிகள். பின்னாளில் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினார்கள்.

லாபத்தைப் பிரித்த முறைதான் இதில் நுட்பமானது; கணக்குப் பாடத்துக்கும் உதவும். ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கடையின் ஆண்டு விற்பனை 10,00,000 ரூபாய். செலவு போக உபரி 50,000 ரூபாய். சேமநிதிக்கும் கல்விக்கும் 20,000 ஒதுக்கினால் மீதி 30,000. அதாவது, வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் 3 பைசா திரும்பக் கிடைக்கும். ஆண்டுக்கு 24,000 ரூபாய்க்கு மளிகை வாங்கிய குடும்பத்துக்கு 720 ரூபாய். 6,000 ரூபாய்க்கு வாங்கியவருக்கு 180. யாரிடம் பங்கு அதிகம் என்பதை இந்தப் பிரிப்பு பார்ப்பதில்லை. சதவீதப் பாடத்தை இந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

இந்தியாவில் இந்த முறையைப் பின்பற்றிய முன்னோடி, சென்னை திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். 1904-இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி, அப்போது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். நம்மில் ஒருவர்! அதே 1904-இல் வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே கருதியது. மற்ற வகைச் சங்கங்களுக்கு 1912-ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. சட்டம் விரியும் முன்பே கடை நடந்துகொண்டிருந்தது. இன்றைய ‘காமதேனு’ அங்காடி அந்தச் சங்கத்துடையதுதான்.

நம் பகுதிக்கு இதில் என்ன இருக்கிறது? தோல் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை செய்வோரின் பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டிலேயே காலணியின் மேற்பகுதியைக் கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் தாய்மார்களும் உண்டு. கூலி கைக்கு வரும்வரை மளிகைக் கடை நோட்டில் பாக்கி ஏறும். பாக்கி வைத்திருப்பவர் ‘எடை சரியா?’ என்று கேட்கத் தயங்குவார். ராச்டேல்காரர்கள் கடனே கூடாது என்றதற்கு இதுவே காரணம். ஆனால் அந்த விதி மிக ஏழையைக் கடைக்கு வெளியிலேயே நிறுத்திவிடும் என்பதையும் மறைக்க வேண்டாம். இரண்டு பக்கத்தையும் மாணவர்கள் விவாதிக்கட்டும்.

விலைச்சீட்டில் வராத செலவும் உண்டு. தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டது பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றது. ‘மலிவு’ என்ற சொல்லை விளக்க இதைவிடப் பக்கத்தில் எடுத்துக்காட்டு கிடைக்காது. அரிசியையும் காய்கறியையும் விளைவித்தவருக்கு என்ன கிடைத்தது என்று உறுப்பினர்கள் கேட்கக்கூடிய கடை கூட்டுறவுக் கடை. கேட்கிறார்களா என்பது வேறு.

வகுப்பில் செய்துபார்க்க, தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு ஒப்புதலுடன் ஒரு சிறு பண்டகசாலை போதும். பென்சில், நோட்டு, கடலை மிட்டாய். பங்கு 5 ரூபாய். அதையும் ஐந்து தவணையில் கட்டலாம். தலைவர், பொருளாளரை மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும். கணக்குப் புத்தகம் யார் கேட்டாலும் திறந்து காட்டும்படி இருக்கட்டும். கல்லாவை ஆசிரியர் வைத்துக்கொண்டால் அது ஆசிரியர் கடைதான், கூட்டுறவு அல்ல. பதிவு பெற்ற மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலையாக நடத்த விரும்பினால் கூட்டுறவுத் துறை அலுவலகத்தை அணுகலாம்.

குழந்தைகள் தினமான நவம்பர் 14 அன்றே கூட்டுறவு வாரமும் தொடங்குகிறது. 20 வரை நடக்கும். அந்த வாரத்தில், ரேஷன் கடையை நடத்தும் சங்கத்தின் செயலாளரை வகுப்புக்கு அழைக்கலாம். கேள்விகளை மாணவர்கள் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கட்டும்: சங்கத்தில் எத்தனை உறுப்பினர்கள்? பொதுக்குழு கடைசியாக எப்போது கூடியது? பங்கு என்ன விலை? எங்கள் அம்மா உறுப்பினராக என்ன செய்ய வேண்டும்?