பெயர் மாறினால் இசை மாறுமா?

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டுப் புறப்பட்டு, மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் வீடுகள் பலவற்றில், சுவாமி படத்துக்கு அடுத்தபடியாகப் பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டு வரும் பொருள் ஒன்று உண்டு. குறுந்தகடுகள் அடுக்கிய பெட்டிதான் அது. மார்கழி மாதத்தில் சென்னைக்குச் சென்றபோது வாங்கியவை சில. உறவினர் அனுப்பியவை சில. உள்ளூர்ச் சபையில் நடந்த கச்சேரியைப் பதிவு செய்து உறுப்பினர்களுக்கு மட்டும் வழங்கியவை சில. நம் வீட்டுக் கல்யாணத்து நாதஸ்வரம் அடங்கியது ஒன்று. இவற்றுள் இன்று கடைக்குப் போனால் மறுபடியும் கிடைக்கக்கூடியவை மிகச் சிலவே.

ஆனால், தகடு சிரஞ்சீவி அன்று. அதன் முகத்தில் கீறல் விழும். உள்ளிருக்கும் மெல்லிய உலோகப் படலம் ஈரத்தாலும் வெப்பத்தாலும் நாளடைவில் கெடும். வீட்டில் எழுதப்பட்ட தகடுகளில் உள்ள சாயமோ இன்னும் விரைவில் மங்கக்கூடும். புதிய கணினிகளில் தகடு செருகும் வாயே பெரும்பாலும் இல்லை. ஆகவே, தகட்டிலுள்ள இசையைக் கணினிக்குப் படியெடுத்து வைக்கும் வேலையில் நம்மில் பலர் இறங்கியிருக்கிறோம். இவ்வேலையில் இரண்டு கடமைகள் அடங்கியுள்ளன. எடுத்த படி பிழையற்றதா என்று சரிபார்ப்பது ஒன்று. ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய பெயரையும் விவரத்தையும் எழுதி வைப்பது மற்றொன்று. இரண்டாவதைச் செய்தால் முதலாவது கெட்டுவிடுமோ என்ற ஐயம் பலருக்கு எழுகிறது. அவ்வையத்தை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

ஐயம் எழுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒருவர் தம் தகட்டைப் படியெடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். பிறகொரு நாள், பாட்டின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையொன்றைத் திருத்துகிறார். மறுபடியும் கணக்கிட்டுப் பார்த்தால் எண் முற்றிலும் வேறாக நிற்கிறது! கோப்பு கெட்டுவிட்டது என்று அஞ்சி அதை அழித்துவிட்டு, தகட்டை எடுத்து மறுபடியும் படிக்க வைக்கிறார். இடைப்பட்ட ஆண்டுகளில் தகடு பழுதடைந்திருக்கிறது. பாதிப் பாட்டில் கரகரவென்ற ஓசைதான் வருகிறது. நல்ல படியை அவரே தம் கையால் அழித்துவிட்டார். ஒரு சிறு விஷயம் தெரியாமையால் விளையும் பெரிய நஷ்டம் இதுவே.

முதலில், தகட்டில் இருப்பது என்ன என்பதைப் பார்ப்போம். பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் 1980-இல் வகுத்த முறைப்படி அமைந்து, 1982-இல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது இசைக் குறுந்தகடு. அதில் ஒலி எண்களாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு வினாடி இசையை 44,100 கூறுகளாக அளந்து, இடப்பக்கத்துக்கு ஓர் எண்ணும் வலப்பக்கத்துக்கு ஓர் எண்ணுமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஒரு நிமிஷ இசை ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பைட்டு ஆகிறது. இந்த எண்களை ஒன்றுவிடாமல் கணினிக்குக் கொண்டுவருவதே படியெடுத்தல். இசைத் தகட்டில் பாட்டின் பெயர் பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பதில்லை. எத்தனை பாட்டுகள், ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை மட்டுமே உண்டு. பெயர்களையெல்லாம் நாமோ, இணையத்திலுள்ள பொதுப் பட்டியலோ பின்னர்தான் சேர்க்கிறோம்.

இவ்வளவு எண்களும் சரியாக வந்தனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது மனிதரால் ஆகிற காரியம் அன்று. அதற்காகவே சரிபார்ப்பு எண் என்ற உபாயம் ஏற்பட்டது. எண்கள் அனைத்தையும் ஒரு குறிப்பிட்ட கணக்கில் செலுத்தினால் முடிவில் சிறியதோர் எண் கிடைக்கும். உள்ளே ஒரேயொரு எண் மாறினாலும் முடிவு மாறிவிடும். சி.ஆர்.சி. 32 என்ற கணக்கில் முடிவு எட்டு இலக்க எழுத்தாகவும், எம்.டி.5 என்ற கணக்கில் முப்பத்திரண்டு இலக்க எழுத்தாகவும் அமையும். இரண்டு படிகளின் முடிவு ஒன்றானால் இரண்டும் ஒன்றே என்று நாம் நம்பலாம்.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. எதைக் கணக்கில் செலுத்தினோம் என்பதே கேள்வி. கணினியிலுள்ள ஓர் இசைக் கோப்பில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று இசை, மற்றொன்று பாட்டு, பாடியவர், தகட்டின் பெயர் முதலியன எழுதிய பெயர்ச்சீட்டு. இதனை 'டேக்' என்பார்கள். ஊரிலிருந்து வந்த ஊறுகாய் ஜாடியின் மேல் சீட்டு ஒட்டியிருக்கிறது. 'மாவடு' என்பதை அழித்துவிட்டு, 'அத்தை கொடுத்த மாவடு, சித்திரை' என்று நீளமாக எழுதிப் பெரிய சீட்டாக ஒட்டுகிறோம். ஜாடியைச் சீட்டோடு சேர்த்து நுண்ணிய தராசில் வைத்தால் நிறை வேறுபடத்தான் செய்யும். அதனால் உள்ளிருக்கும் மாவடு குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். முழுக் கோப்பையும் கணக்கிடுவது ஜாடியைச் சீட்டோடு நிறுப்பது போன்றது. இசையை மட்டும் கணக்கிடுவது உள்ளிருப்பதை மட்டும் நிறுப்பது. முன்னது பெயர் திருத்தினால் மாறும், பின்னது மாறாது.

2001-இல் வெளிவந்த 'ஃபிளாக்' என்ற கோப்பு முறை இதற்கு நல்ல வழி செய்திருக்கிறது. இது இசையில் எதையும் விட்டுவிடாமல் சுருக்கி வைக்கும் முறை. படியெடுக்கும்போதே, சுருக்குவதற்கு முன்பிருந்த இசைக்கு மட்டும் எம்.டி.5 எண்ணைக் கணக்கிட்டுக் கோப்பின் முகப்பில் எழுதிவிடுகிறது. பெயர்ச்சீட்டுக்குத் தனி அறை உண்டு. அதனை ஒட்டிக் கொஞ்சம் வெற்றிடமும் பெரும்பாலும் விட்டு வைக்கப்படுகிறது. நாம் பெயரை நீட்டினாலும் குறுக்கினாலும் மாறுதல் அவ்விடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வெற்றிடம் போதாவிட்டால் கோப்பு முழுவதும் மறுபடி எழுதப்படும். அப்போதும் இசைப் பகுதி அப்படியே நகல் எடுக்கப்படுகிறதே ஒழிய மாற்றப்படுவதில்லை. பத்து ஆண்டுகள் சென்று, நூறு முறை பெயர் திருத்திய பின்பும், ஃபிளாக் மென்பொருளின் சோதனைக் கட்டளையைக் கொடுத்தால், அது இசையை விரித்துப் பார்த்து, முகப்பிலுள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று சொல்லிவிடும்.

ஆயினும் இச்சோதனை எதற்குச் சாட்சி சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். படியெடுத்த நாளில் இருந்த இசை இன்றும் அப்படியே இருக்கிறது என்பதற்கே அது சாட்சி. அன்றே தகட்டைத் தவறாகப் படித்திருந்தால், அந்தத் தவறையும் சேர்த்தே அது பத்திரமாகக் காத்து நிற்கும்.

படித்ததே சரியா என்பதை அறிய வேறொரு வழி உண்டு. அதே தகட்டை உலகின் வேறு மூலைகளில் படியெடுத்தவர்களின் சரிபார்ப்பு எண்களைச் சேகரித்து வைத்திருக்கும் 'அக்யூரேட்ரிப்' என்ற பொதுப் பதிவேட்டோடு ஒப்பிடுவதே அது. ஒருவரையொருவர் அறியாத பலர், வெவ்வேறு டிரைவ்களில், வெவ்வேறு தகடுகளைப் படித்து ஒரே எண்ணைப் பெற்றிருந்தால், அத்தனை பேருக்கும் ஒரே பிழை நேர்ந்திருக்கும் என்று எண்ண இடமில்லை. டிரைவுக்கு டிரைவ், படிக்கத் தொடங்கும் இடம் சில கூறுகள் முன்பின்னாக அமையும். அந்த வேறுபாட்டையும் கணக்கில் கொண்டு திருத்திய பிறகே ஒப்பிடுகிறார்கள். இப்பதிவேடு தகட்டை அடையாளம் காண்பது பாட்டின் பெயரைக் கொண்டு அன்று. எத்தனை பாட்டுகள், அவை எங்கெங்கே தொடங்குகின்றன என்ற அட்டவணையைக் கொண்டே காண்கிறது. நாம் 'தோடி' என்று எழுதினாலும், தவறாகப் 'பைரவி' என்று எழுதினாலும் அதற்குக் கவலையில்லை. பெயர் சரியாக இருப்பதால் இசை சரி என்றும் ஆகாது; பெயர் பிழையாக இருப்பதால் இசை பிழை என்றும் ஆகாது.

நம் பெட்டியிலுள்ள சபைத் தகடும் கல்யாணத் தகடும் இப்பதிவேட்டில் இருக்க வழியில்லை. 'பதிவேட்டில் இல்லை' என்ற விடை வந்தால் 'பொருந்தவில்லை' என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஒப்பிட வேறு படி இல்லை என்பதே அதன் பொருள். 'பொருந்தவில்லை' என்ற விடைக்குங்கூட, நம் தகடு வேறொரு அச்சில் வார்க்கப்பட்டது என்பது காரணமாக இருக்கலாம். இப்படிப்பட்ட தகடுகளை இருமுறை படிக்கச் செய்து, இரண்டு முறையும் ஒரே எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் முறை வேறொரு டிரைவில் படித்தால் உறுதி இன்னும் அதிகம்.

அப்படியானால் பெயர்ச்சீட்டை எப்படித் திருத்தினாலும் தொல்லையே இல்லையா? இசைக்குத் தொல்லையில்லை, ஒப்பிடும் வேலைக்குச் சில தொல்லைகள் உண்டு. பிற்காலத்தில் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டுமானால், தகட்டின் எல்லாப் பாட்டுகளும் முன்பிருந்த வரிசையில் இருக்க வேண்டும். பாட்டின் வரிசை எண்ணை மாற்றிவிட்டாலோ, பிடிக்காத ஒரு பாட்டை அழித்துவிட்டாலோ, மென்பொருள் அட்டவணையை மறுபடி அமைக்க முடியாமல் திகைக்கும். சில மென்பொருள்கள் தகட்டின் அடையாள எண்ணைப் பெயர்ச்சீட்டிலேயே எழுதி வைக்கின்றன. விளங்காத வரி என்று அதைத் துடைத்துவிடலாகாது. கோப்பின் பெயரை மாற்றினால், உடன் வைத்திருக்கும் 'கியூ' பட்டியல் பழைய பெயரையே தேடி ஏமாறும். அதிலும் பெயரைத் திருத்திவிட வேண்டும்.

பெயர் திருத்தத்தோடு சேர்த்து எண்ணத்தகாத வேலைகளும் சில உள. பாட்டின் முன்னும் பின்னும் உள்ள மௌனத்தை வெட்டுவது, ஒலியை உரக்கச் செய்து சேமிப்பது ஆகியவை இசையையே மாற்றுகின்றன. சரிபார்ப்பு எண் மாறியே தீரும். 'ரீப்ளே கெயின்' என்ற முறையோ எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்பதைச் சீட்டில் குறித்து வைப்பதோடு நின்றுவிடும்; அதனால் கெடுதி இல்லை. இசையை எம்.பி.3 ஆக மாற்றினால், காதுக்கு எளிதில் எட்டாதவை என்று சில கூறுகள் நீக்கப்படுகின்றன. வழியில் கேட்பதற்கு அது போதும். தகட்டோடு ஒப்பிடுவதற்கு உதவாது.

இனி, தமிழில் பெயர் எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. எம்.பி.3 கோப்புகளின் பழைய சீட்டு முறையில் கோப்பின் கடைசி 128 பைட்டுகளே விவரத்துக்கு உரியவை. அதில் பாட்டின் பெயருக்கு 30 பைட்டு. இன்றைய யூ.டி.எஃப்-8 முறையில் 'க' என்ற எழுத்துக்கு 3 பைட்டும், 'கோ' என்ற எழுத்துக்கு 6 பைட்டும் வேண்டும். பத்து எழுத்துக்குள் நம் கீர்த்தனையின் முதலடி எங்கே அடங்கும்? பிற்கால முறைகளிலும் ஃபிளாக் கோப்பிலும் இந்த நெருக்கடி இல்லை. ஃபிளாக்கில் நமக்கு வேண்டிய தலைப்புகளை நாமே உண்டாக்கிக் கொள்ளலாம். தலைப்பை ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும்; அதன் எதிரே விவரத்தைத் தமிழிலேயே எழுதலாம். பொதுப் பட்டியல்களில் பாடியவரின் இடத்தில் இயற்றியவர் பெயர் இருப்பதும், ராகம் அறவே விடுபட்டிருப்பதும் உண்டு. பாடியவர், இயற்றியவர், ராகம், தாளம், வயலின், மிருதங்கம், கச்சேரி நடந்த ஊர், ஆண்டு ஆகிய யாவற்றையும் அஞ்சாமல் எழுதலாம். எழுதத்தான் வேண்டும்.

ஏனெனில், அவ்விவரங்கள் இன்று நம் ஞாபகத்தில் மட்டுமே இருக்கின்றன. அந்தக் கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசித்தவர் யார் என்பது பாட்டிக்குத் தெரியும், பேரனுக்குத் தெரியாது. சரிபார்ப்பு எண் இசையைக் காக்கும். அது யாருடைய இசை என்பதை அவ்வெண் சொல்லாது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் படியெடுத்துச் சரிபாருங்கள். மென்பொருள் தரும் அறிக்கையைக் கோப்புகளின் அருகிலேயே வையுங்கள். பிறகு பெயர்களை எழுதுங்கள். எல்லாம் எழுதி முடித்த பின், முழுக் கோப்புக்கு எண் வேண்டுமானால் அப்போது கணக்கிடுங்கள். ஒரு பிரதியை வேறொரு வட்டில், முடிந்தால் ஊரிலுள்ள உறவினர் வீட்டில், வைத்துவிடுங்கள். என்றேனும் ஓர் எண் மாறி நின்றால், உடனே எதையும் அழிக்க வேண்டாம். நிறுத்தது ஜாடியையா, மாவடுவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.