ஊசியும் மூளைப் படமும்

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், வைணு பாப்புவின் பெயரால் வழங்கும் 2.34 மீட்டர் தூரதிருஷ்டிக் கண்ணாடி 1986-ல் நாட்டுக்கு அர்ப்பணம் செய்யப்பட்டது. நட்சத்திரத்தை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. வந்து சேரும் ஒளியைக் கொண்டே அதன் தன்மையை ஊகிக்கிறார்கள். உயிருள்ள மனிதனின் மூளையை ஆராய்வோர் நிலையும் ஏறக்குறைய இதுதான். ஆகையால், ஊசி வைத்தியத்தின் பெருமைக்குச் சாட்சியாக மூளையின் வர்ணப் படங்களை யாரேனும் நீட்டினால், நமக்குக் காவலூர் ஞாபகம் வந்துவிடுகிறது.

இச் சீன வைத்தியம் நம் தேசத்துக்கு வந்த கதை சுவையானது. ஜப்பானியப் படையெடுப்பால் அல்லலுற்ற சீனத்துக்கு 1938-ல் காங்கிரஸ் மகாசபை ஐந்து டாக்டர்களை அனுப்பிற்று. அங்கேயே உயிர் நீத்த கோட்னீஸை நேயர்கள் அறிவார்கள். அவருடன் சென்ற வங்காளி டாக்டர் பிஜய் குமார் பாசு, பல ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் சீனா சென்று ஊசி வைத்தியம் கற்றுவந்து கல்கத்தாவில் அதைப் பரப்பினார்.

இனிப் படத்துக்கு வருவோம். எம்.ஆர்.ஐ. என்னும் காந்த யந்திரம் நினைவையோ நோவையோ படம் பிடிப்பதில்லை. மூளையில் ஒரு பகுதி மும்முரமாக வேலை செய்தால் அங்கே பிராணவாயு நிறைந்த ரத்தம் மிகுதியாய்ப் பாய்கிறது. அந்த மாறுதலையே யந்திரம் பதிவு செய்கிறது. 1990-ல் ஸெய்ஜி ஒகாவா என்ற ஜப்பானியர் காட்டிய வழி இது. படத்திலுள்ள சிவப்பும் மஞ்சளும், கணக்குப் போட்ட பிறகு பூசிய வர்ணங்களேயாம்.

1998-ல் ஸாங்-ஹீ சோ என்ற கொரிய விஞ்ஞானியும் கூட்டாளிகளும் ஓர் ஆச்சரியச் செய்தியை வெளியிட்டார்கள். காற் சுண்டு விரலோரத்தில், கண் நோய்க்கென்று சீனர் குறித்த இடத்தில் ஊசி குத்தினால், மூளையில் பார்வைக்குரிய பகுதி விழித்துக் கொள்கிறதாம்! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டாயிற்று என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் 2006-ல் சோவும் உடன் எழுதியவர் பலரும், வலியைத் தணிப்பதில் இன்ன இடந்தான் என்ற விசேஷம் இல்லையெனக் கண்டு, அக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இந்த நேர்மையை மனமாரப் போற்றுகிறோம். முதற் செய்தியைப் பரப்பியவர்களுக்கு இரண்டாவது செய்தி ஏனோ காதில் விழவில்லை.

ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. ஜெர்மனியில் ஸ்ட்ரைட்பெர்கர் ஒரு பொய் ஊசி செய்தார். முனை மழுங்கிய அது, தோலில் பட்டதும் பிடிக்குள் போய்விடும். குத்தப்பட்டவரோ ஊசி உள்ளே இறங்கிவிட்டது என்றே நினைப்பார். 2005-ல் வெளியான ஆராய்ச்சியில், கைக் கட்டைவிரல் மூட்டு வலிக்காரர் 14 பேருக்கு மெய்யூசியும் பொய்யூசியும் பிரயோகித்து, மூளையைப் படம் பிடித்தார்கள். குணமாகும் என்ற நம்பிக்கைக்குரிய பகுதிகள் இரண்டிலும் விழித்தன. மெய்யூசிக்கு மட்டும் ‘இன்ஸுலா’ என்ற பகுதி கூடுதலாக விழித்தது. ஆக, நம்பிக்கையும் வேலை செய்கிறது. ஊசியும் ஏதோ செய்கிறது.

இப்படிப்பட்ட படத்தைச் சுவரில் மாட்டிவைத்து, சர்க்கரை வியாதிக்காரரை மருந்தை நிறுத்தச் சொல்வது கொடுமை. படத்தில் அதற்கு ஆதாரம் கடுகளவும் இல்லை. நாட்பட்ட வலியின் விஷயம் வேறு. சுமார் 18,000 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2012-ல் விக்கர்ஸ் குழுவினர் கணக்கிட்டபோது, முதுகு, முழங்கால் வலியிலும் தலைவலியிலும் மெய்யூசி பொய்யூசியைவிடச் சற்றே அதிகப் பலன் தந்தது. ஊசியே போடாதவர்களோடு ஒப்பிட்டால் பலன் இன்னும் அதிகம். இக் கணக்குக்கு மூளைப் படம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. வலி எவ்வளவு குறைந்தது என்று நோயாளிகளையே கேட்டார்கள்.