ஆடிப்பட்டமும் யாங்கூன் முருங்கையும்

மகளுக்கு மூணு வயசானப்போ அவளும் நானும் சேர்ந்து நட்ட முருங்கைப் போத்து ஆடி மாசத்தில் செத்துப்போச்சு. அடுத்த வருஷம் நட்டதும் அதே ஆடியில் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருந்தது. "நான் தினமும் தண்ணி ஊத்தினேனே அப்பா" என்று அவள் அழுதபோது எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரே பிழை இரண்டு முறை வந்தால் முதலில் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தகவலைத்தான் சந்தேகப்படுவோம். இங்கே தகவல் வந்தது புதுக்கோட்டைப் பெரியப்பாவிடமிருந்து. 1962க்குப் பிறகு பர்மாவை விட்டு லட்சக்கணக்கில் இந்தியர்கள் கிளம்பினார்களே, அதில் பன்னிரண்டு வயதில் கப்பலேறி மெட்ராஸ் போனவர். எங்கள் தாத்தா மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். வாட்ஸ்அப்பில் பெரியப்பா சொன்னது: "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க? குழி தோண்டி வை. சுத்தி வட்டப்பாத்தி கட்டு, தண்ணி நிக்கணும்."

புதுக்கோட்டைக்கு அது நூற்றுக்கு நூறு சரி. அங்கே பெருமழை ஐப்பசியில்தான். கிடைக்கிற மழையைப் பிடித்துவைக்கத்தான் பாத்தி. யாங்கூன் கதையே வேறு. வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட சென்னையைப் போல இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆடி என்பது இங்கே மழையின் உச்சம். எங்கள் களிமண்ணில் நான் கட்டியது பாத்தி இல்லை, குட்டை. அதில் ஒரு போத்தை ஊறப்போட்டிருக்கிறேன்.

மூணாவது தடவை எதையும் நடவில்லை. ஒரு அடைமழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று பார்த்தோம். மகள் கிரேயானில் அதை வரைந்தாள். கூரைத் தண்ணீர் விழும் இடம், தேங்கும் மூலை, சாக்கடைப் பக்கச் சரிவு எல்லாம் அதில் இருந்தது. அந்தப் படம்தான் இன்றைக்கும் எங்கள் தோட்டத்தின் வரைபடம். தேங்கும் மூலையில் சேம்பும் வல்லாரையும். உயரமான பக்கத்தில் ஒன்றரை அடிக்கு மேட்டுப்பாத்தி போட்டு, மணலும் மட்கிய சாணமும் கலந்து முருங்கை, கறிவேப்பிலை, மல்லிகை. நட்டது கார்த்திகையில், மழை விட்ட பிறகு. தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டுகளையும் எடுத்துவிட்டேன். மழைக்காலத்தில் அதில் நிற்கிற தண்ணீர் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில்.

மேடு போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீங்க. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இங்கே மழை அநேகமாக இல்லை. ஆறு மாசம் மூழ்கும் அதே செடி அடுத்த ஆறு மாசம் தாகத்தில் தவிக்கும். மேடுதான் முதலில் காயும். அதனால் கோடையில் வைக்கோலும் சருகும் கனமாக மூடாக்குப் போட்டு, மழை வலுத்ததும் தண்டை ஒட்டியதை விலக்கிவிடுகிறோம். பக்கத்து வீட்டு பர்மிய அம்மா எங்கள் பாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சின்பவுங் விதை கொடுத்தார். நம்ம புளிச்சகீரைதான்! மழையோ வெயிலோ அது கவலைப்படுவதில்லை.

ஒரே நாட்டுக்குள்ளேயே கணக்கு மாறுகிறது. வறண்ட மத்தியப் பகுதியிலுள்ள மாண்டலேயில் மழை மதுரையைப் போலத்தான், ஆயிரம் மில்லிமீட்டரைத் தொடாது. பெரியப்பா சொன்ன வட்டப்பாத்தி அங்கே எடுபடும். 'எப்பவும் மழை' என்று நாம் சொல்லும் லண்டனில் வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் அளவுதான், சென்னையில் பாதிகூட இல்லை; அங்கே கறிவேப்பிலையைக் கொல்வது குளிர். டொராண்டோவில் இருக்கிறவர்கள் தொட்டியிலேயே வளர்த்துப் பனி விழுமுன் வீட்டுக்குள் தூக்கிவிடுவதுதான் வழி. அம்மா வீட்டிலிருந்து விதை வாங்கலாம். எப்போது, எப்படி நடுவது என்று மட்டும் உங்க ஊர் மழையைக் கேளுங்க.

இந்த ஆடியில் முருங்கை நின்றது. மேட்டைச் சுற்றித் தண்ணீர் ஓட, மரம் அசையாமல் நிற்பதைப் பெரியப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

"டேய் தம்பி, இப்பத்தான் ஞாபகம் வருது. அங்க நம்ம வீட்டுல அப்பத்தாவும் மண்ணை மேடாக் கொட்டித்தான் வச்சிருந்தா. நாங்க அதுமேல ஏறிக் குதிப்போம், அடி விழும்."

மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு, அந்த வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்க ஆரம்பித்தாள்.