புளி எங்கே போயிற்று?

உங்கள் பெண் கல்லூரியில் தமிழ் படிக்கிறாளா? அப்படியானால், "சாயாவனம் படித்தாயா?" என்று கேட்டுப் பாருங்கள். 1960-களில், சா. கந்தசாமி தம் இருபதுகளில் எழுதிய நாவல் அது.

வெளியிலிருந்து வந்த சிதம்பரம் என்ற இளைஞன், காடாய் அடர்ந்த தோட்டமொன்றை வாங்குகிறான். கரும்பு ஆலை கட்ட வேண்டும். ஆகவே வெட்டுகிறான், தீயும் வைக்கிறான். புளிய மரங்களும் போகின்றன. ஆலை எழும்புகிறது. ஆனால் ஊர்ப் பெண்களுக்குக் குழம்புக்கு நல்ல புளி கிடைக்கவில்லை!

சிதம்பரம் கெட்டவனா? இல்லையே! துணிச்சல்காரன், உழைப்பாளி. இளம் வயதினருக்கு அவனைப் பிடித்துப்போகும். மாணவர்களின் வாதம் சூடுபிடிப்பதும் அங்கேதான்.

மீன்சுருட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அருகே கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் இருக்கிறது, பொன்னேரி என்பார்கள். நீராலான வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழும் ஏரி! அதுவே கரை உடைந்து, நெடுங்காலம் உள்ளே காடு மண்டிக் கிடந்தது. நாவலில் காடு ஆலையாயிற்று. இங்கே ஏரி காடாயிற்று. இரண்டிலும் இழப்பை முதலில் அறிந்தவள் யார்? அடுப்படியில் நிற்பவளும், குடம் சுமப்பவளும் அல்லவா?

ஆகவே இந்த வாதத்தில் உங்களுக்கும் இடமுண்டு. உங்கள் தாயாருக்குக் கொல்லையில் கிடைத்த எதையெல்லாம் இன்று நீங்கள் கடையில் வாங்குகிறீர்கள்? மகளிடம் சொல்லுங்கள். அவள் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்க முடியாத பட்டியல் அது.