லெமேத்ர் பாதிரியாரின் வேண்டுகோள்

பெல்ஜியம் நாட்டு லூவென் நகரில் 1966ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி காலமான ஜார்ஜ் லெமேத்ர், கத்தோலிக்கப் பாதிரியார். பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் போதித்த பேராசிரியர். நோயுற்றிருந்த அவரிடம், இறப்பதற்குச் சற்று முன்னர், அவருடைய உதவியாளர் ஒரு செய்தியைக் கொண்டு சேர்த்தார். பிரபஞ்சத்திற்கு ஒரு தொடக்கம் உண்டென்று அவர் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கூறியதற்குச் சான்று கிடைத்துவிட்டது என்பதே அச்செய்தி.

பிரபஞ்சம் விரிந்துகொண்டே செல்கிறது என்பதை 1927இலேயே லெமேத்ர் கணித்து எழுதினார். கணக்கு சரி, ஆனால் கருத்து ஏற்கத்தக்கதன்று என்று ஐன்ஸ்டைனே அவரிடம் கூறிவிட்டார். இரண்டாண்டுகளில் அமெரிக்க வானியலார் எட்வின் ஹபிள், தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கேற்ற வேகத்தில் விலகிச் செல்வதை அளந்து காட்டினார். விரிவது உண்மையானால், காலத்தில் பின்னோக்கிச் செல்லச் செல்ல யாவும் ஒடுங்கியிருந்திருக்க வேண்டுமல்லவா? அந்த ஒடுக்கத்தையே 1931இல் லெமேத்ர் ஆதி அணு என்ற கருத்தாக முன்வைத்தார். அக்கட்டுரையின் மூலப்படியில், முடிவில் இறைவனைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அது அடிக்கப்பட்டிருக்கிறது, அச்சில் வரவில்லை.

எதிர்ப்பும் அற்பமானதன்று. ஹபிளின் அளவுகளின்படி பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுகளே. பூமியின் பாறைகளோ அதனினும் மூத்தவை என்று கதிரியக்கச் சோதனைகள் காட்டின. தாயைவிடப் பிள்ளை மூத்தவன் என்றால் யார் ஒப்புவர்? இங்கிலாந்தில் பிரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் ஆகிய மூவரும் 1948இல் மாறா நிலைக் கொள்கையை வகுத்தனர். பிரபஞ்சத்திற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை; விரிவினால் உண்டாகும் வெற்றிடத்தில் புதிய பொருள் மிகச் சொற்பமாகத் தோன்றிக்கொண்டே இருக்கும் என்றனர். அநாதி என்ற சொல்லில் ஊறிய நம் செவிக்கு இக்கொள்கை இதமாகவே ஒலிக்கும். எதிர்க்கொள்கைக்குப் ‘பெருவெடிப்பு’ என்ற பெயரை 1949இல் வானொலி உரையொன்றில் சூட்டியவரும் ஹாயில்தான்!

இந்த நிலையில், 1951 நவம்பரில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத் தொடக்கம் பற்றிய விஞ்ஞானம் சிருஷ்டிக்குச் சாட்சி கூறுவதுபோல் உரையாற்றினார். பாதிரியார் மகிழ்ந்திருக்க வேண்டும், அவரோ கலங்கினார். கொள்கைக்குத் தீர்ப்பு வழங்கப்படாத காலம் அது. நாளை அது வீழ்ந்தால், அதன் தோளில் ஏற்றிய நம்பிக்கையின் கதி என்ன? தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் புறம்பானது என்பதே அவர் நிலை. ரோமாபுரியில் போப்பாண்டவரின் விஞ்ஞான ஆலோசகரைக் கண்டு இதனை எடுத்துரைத்தார். 1952 செப்டம்பரில் வானியலார் மாநாட்டில் பேசிய போப்பாண்டவர், முன்பு கூறியதை மீண்டும் கூறவில்லை.

சான்று வந்தது வேறொரு வழியில். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் ஆகிய இருவரும் இயக்கிய வானொலிக் கருவியில் ஓயாத இரைச்சல் ஒன்று கேட்டது. எத்திசையில் திருப்பினாலும் அதே இரைச்சல். கருவிக்குள் கூடு கட்டிய புறாக்களை விரட்டி, எச்சத்தைத் துடைத்தும் பயனில்லை. ஆதியில் தகித்த பிரபஞ்சத்தின் வெப்பம் குளிர்ந்து, இன்று பூஜ்யத்திற்குக் கீழே 270 டிகிரி செல்சியஸில் எஞ்சியிருக்கும் கதிர்வீச்சு அது என்பது 1965இல் விளங்கியது. 1978இல் இருவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருளில் ஏறத்தாழக் கால் பங்கு ஹீலியம் என்பதும் பெருவெடிப்புக்கே சாதகமாயிற்று; நட்சத்திரங்களால் மட்டும் அவ்வளவு ஹீலியத்தை ஆக்கியிருக்க இயலாது.

ஹாயில் தோல்வியை ஏற்கவில்லை. அவருடைய மாணவரான நம் நாட்டு ஜயந்த் நார்லிகரும், 2025இல் புணேயில் மறையும் வரை பெருவெடிப்பை ஏற்கவில்லை. அக்கதிர்வீச்சு நட்சத்திர ஒளியே. விண்வெளியில் மிதக்கும் நுண்ணிய இரும்பு இழைகள் அதனை உள்வாங்கி வெளியிடுகின்றன என்று இவர்கள் வாதிட்டனர். பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆயினும் கேள்வி எழுப்பும் துணிவுக்காக நார்லிகர் மதிக்கப்பட்டார், அது நியாயமே.

பெருவெடிப்பை நம் முன்னோர் அன்றே கூறிவிட்டனர் என்று உபன்யாச மேடைகளில் இப்போது அடிக்கடி கேட்க நேர்கிறது. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள் என்பது புராணக் கணக்கு. விஞ்ஞானம் இன்று கூறும் வயது ஏறத்தாழ 1380 கோடி. இரண்டையும் இழுத்துப் பிடித்துப் பொருத்துவானேன்? அன்றைய 200 கோடியோடு யாரேனும் பொருத்தியிருந்தால், வால்டர் பாடே என்ற வானியலார் 1952இல் தொலைவுக் கணக்கைத் திருத்தி அதனை இரட்டிப்பாக்கியபோதே புராணத்தைப் பொய்யாக்கிய பழி அவரைச் சேர்ந்திருக்கும்.

இன்றைய கணக்கிலும் ஒரு முடிச்சு உண்டு. விரிவின் வேகத்தை ஆதிக் கதிர்வீச்சிலிருந்து கணித்தால் சுமார் 67 என்ற எண் வருகிறது; அருகிலுள்ள விண்மீன் மண்டலங்களைக் கொண்டு அளந்தால் சுமார் 73. கருவிகள் நுட்பமாக ஆக ஆக, இவ்வேற்றுமை குறைவதற்குப் பதில் உறுதிப்பட்டே வருகிறது.