பிள்ளை ஏறிப் போகும் சைக்கிள்

கிழக்குக் கரையோரத்து ஊரொன்றின் பாடசாலை வாசலில் காலை ஏழேகால் மணிக்கு நின்று பாருங்கள். வெள்ளைச் சீருடையும் பர்தாவுமாக மாணவிகள் சைக்கிள்களில் வந்து இறங்குவார்கள். கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்தாலும் போதும். ஒன்று 'கிரீச் கிரீச்' என்று அழுதுகொண்டு வரும். ஒன்று காலால் மிதிக்கும்போதெல்லாம் 'கடக் கடக்' என்று தட்டும். இன்னொன்றில் செயின் அதன் கவரில் அடிபட்டு, தகர டப்பாவை உருட்டியது போல் சத்தமிடும். படிப்பிக்கும் தொழிலில் இருப்பதால் இந்தச் சத்தங்களை ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகிறேன். எந்தப் பிள்ளையின் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு எத்தனை மாதம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அந்தப் பிள்ளையின் சீருடையைப் பாருங்கள், மடிப்புக் கலையாமல் அயன் செய்யப்பட்டிருக்கும். சப்பாத்து வெள்ளை பூசப்பட்டிருக்கும். சாப்பாட்டுப் பெட்டியில் உம்மா சுட்ட ரொட்டி சூடாக இருக்கும். இவ்வளவையும் கவனித்த தாயின் கண்ணுக்கு, பிள்ளையைச் சுமந்து செல்லும் அந்தச் சைக்கிள் மட்டும் தப்பிவிட்டது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். சைக்கிள் என்றால் அது ஆண்கள் பார்க்க வேண்டிய வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். வாப்பா விடிந்ததும் கடைக்கோ வயலுக்கோ போய்விடுவார், அல்லது வெளிநாட்டில் இருப்பார். நானாவுக்கு மோட்டார் சைக்கிளில்தான் கண். ஆக, அதைப் பார்க்க ஒருவரும் இல்லை.

அன்புச் சகோதரிகளே, உங்களில் பலருடைய வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது. அதற்கு எங்கே எண்ணெய் விட வேண்டும், நூல் அறுந்தால் எந்தத் திருகைத் தளர்த்த வேண்டும், பட்டி தளர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உண்மையில் சைக்கிள் அதைவிட எளிமையான இயந்திரம். அதன் உறுப்புகள் எல்லாம் வெளியே தெரிகின்றன, ஒளித்து வைக்கப்பட்டது குறைவு. தையல் மெஷினைப் பராமரிக்கத் தெரிந்த கைக்குச் சைக்கிள் ஒரு பாரமே அல்ல.

2022 ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்க முடியாது. வீட்டின் பின்புறத்தில் கோழி அடைந்து கிடந்த பழைய சைக்கிள்களெல்லாம் அப்போது வெளியே வந்தன. புதிய சைக்கிளின் விலையோ சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. பெற்றோல் வந்த பிறகு பலர் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் பிள்ளைகள் பாடசாலைக்கும் டியூஷனுக்கும் போவது பெரும்பாலும் இன்னும் சைக்கிளில்தான். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வது புதிதாய் வாங்குவதைவிட லாபம் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. வேறொரு காரணமும் உண்டு.

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம், வாப்பாவின் சைக்கிளைக் கழுவித் துடைத்து அழகுபடுத்தும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். துரு ஏறியிருந்த ரிம்மைப் பளபளப்பாக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். தேங்காயெண்ணெயில் நனைத்த துணியால் இரண்டு ரிம்மையும் தேய்த்தேன். கண்ணாடி போல் மின்னியது. பெருநாள் காலையில் தங்கச்சியைக் கெரியரில் ஏற்றிக்கொண்டு பெரியும்மா வீட்டுக்குப் புறப்பட்டேன். குளக்கட்டிலிருந்து இறங்கும் சரிவில் பிரேக்கைப் பிடித்தால், பிடித்த மாதிரியே இல்லை. கட்டைகள் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகின்றன. கீழே மாட்டு வண்டியொன்று குறுக்கே நின்றது. வேலிப் பக்கம் திருப்பி விழுந்தேன். எனக்கு முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். தங்கச்சியின் கால் பின் சில்லின் கம்பிகளுக்குள் போய்விட்டது. குதிக்காலில் ஏழு தையல். அந்தப் பெருநாளை அவள் ஆஸ்பத்திரியில் கழித்தாள்.

வாப்பா ஏசவில்லை. சவர்க்காரத் தண்ணீரால் ரிம்மைக் கழுவி, காய்ந்த துணியால் துடைத்து, பிரேக் கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவை போட்டார். "எண்ணெய் போடத் தெரிந்தால் போதாது மகன், எங்கே போடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே பிரேக்கிலிருந்தே தொடங்குவோம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முன் பிரேக்கை அழுத்தியபடி முன்னால் தள்ளிப் பாருங்கள். முன் சில்லு அசையாமல் நின்று பின் பக்கம் சற்று மேலே எழும்ப வேண்டும். பிறகு பின் பிரேக்கை அழுத்தித் தள்ளுங்கள். பின் சில்லு சுற்றாமல் நிலத்தில் இழுபட வேண்டும். பிடியை முழுதாக அழுத்தும்போது அது ஹாண்டிலைத் தொடுகிறது என்றால் அந்தச் சைக்கிளை அன்று வெளியே விடாதீர்கள். பிடிக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது மிஞ்ச வேண்டும்.

நம் பழைய பெரிய சைக்கிள்களில் இரும்புக் கம்பிகளால் இயங்கும் பிரேக் இருக்கும். அதன் கட்டைகள் ரிம்மின் உட்பக்கத்தில் போய் முட்டும். கம்பிகள் ஒன்றோடொன்று சேருமிடத்தில் சிறு நட்டு உண்டு. அதைத் தளர்த்தி, கம்பியைச் சற்று மேலே இழுத்து மீண்டும் இறுக்கினால் பிரேக் கிட்ட வந்துவிடும். பிள்ளைகளின் சைக்கிள்களில் இருப்பது வயர் பிரேக். வயர் போய்ச் சேருமிடத்தில் விரலால் திருகக்கூடிய உருளை ஒன்று இருக்கும். அதை வெளிப்பக்கமாகச் சில சுற்றுத் திருகினாலே போதும். கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கட்டை ரிம்மைத்தான் தொட வேண்டும். டயரைத் தொட்டால் சில நாளில் டயரை அறுத்துவிடும். கட்டையில் உள்ள வரிகள் தேய்ந்து மட்டமாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். மணலோ இரும்புத் துகளோ புதைந்திருந்தால் ஊசியால் கிளறி எடுங்கள். வயரில் ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் புது வயர் போடும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மழைக்காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை பிடிப்பது மிகக் குறைவு. காய்ந்த நாளில் நிற்கும் தூரத்தைப் போலப் பல மடங்கு தூரம் ஓடித்தான் சைக்கிள் நிற்கும். இது பிரேக்கின் குறையல்ல, எத்தனை புதுக் கட்டை போட்டாலும் இருப்பதுதான். மழையில் மெதுவாகப் போகவும், சந்திக்கு வெகு முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைக்கவும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். எந்தப் பிடி முன் சில்லுக்கு, எது பின் சில்லுக்கு என்று கேட்டும் பாருங்கள். தெரியாத பிள்ளைகள் ஏராளம். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் தலைகுப்புற விழ நேரும்.

அடுத்தது காற்று. டயரின் பக்கவாட்டில் எத்தனை இறாத்தல் காற்று வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். சாதாரணச் சைக்கிள்களுக்கு அது 40க்கும் 60க்கும் இடையில் இருக்கும். அளக்கக் கருவி இல்லாவிட்டால் பெருவிரலால் பலமாக அழுத்துங்கள், லேசாக அமுங்கினால் சரி. காற்றுக் குறைந்த சைக்கிளை மிதிப்பது மணலில் மிதிப்பது போல. பிள்ளை களைத்து வியர்த்து வகுப்பில் தூங்கி விழும். அத்தோடு, குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் நிலத்துக்கும் நடுவே டியூப் நசிந்து, பக்கம் பக்கமாக இரண்டு வெட்டு விழும். அப்படி இரட்டை வெட்டைக் கண்டால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றில்லாமல் ஓடியதுதான் காரணம்.

இரவில் காற்றடித்து வைத்தது விடியும்போது இல்லை என்ற முறைப்பாடு எல்லா வீட்டிலும் உண்டு. டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கினாலும் ஓட்டை அகப்படாது. அப்போது வால்கட்டையைச் சந்தேகியுங்கள். வாயில் ஒரு துளி எச்சிலையோ தண்ணீரையோ வையுங்கள், குமிழி வந்தால் குற்றவாளி அதுதான். நட்டைக் கழற்றி வால்கட்டையை வெளியே இழுத்தால் அதன் மேல் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று போர்த்தியிருக்கும். வால் டியூப் என்பது இதைத்தான். வெயிலிலும் பழமையிலும் அது வெடித்துப் போகும். பழையதை உரித்துவிட்டு, புதிய துண்டைத் தண்ணீரில் நனைத்து ஏற்றி, திரும்பப் பொருத்தி நட்டை இறுக்குங்கள். சில ரூபாய்ச் செலவுதான், ஐந்து நிமிட வேலை. இதற்காகப் பாடசாலையை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

உண்மையிலேயே முள் குத்தியிருந்தால் ஒட்டுப் போடுவதும் பெரிய வித்தையல்ல. டயரைக் கிளப்பத் திருப்புளியைப் பாவிக்காதீர்கள், அதன் முனை டியூபில் இன்னொரு ஓட்டை போடும். தடித்த கரண்டிக் காம்பு இரண்டு போதும். டியூபுக்குக் கொஞ்சம் காற்றடித்துப் பேசனில் உள்ள தண்ணீரில் பகுதி பகுதியாக அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடத்தை அடையாளமிட்டு, நன்றாகக் காய விட்டு, அரத்தாளால் சொரசொரப்பாகும் வரை தேய்த்து, சொலூஷனை மெல்லியதாகப் பூசுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிடிக்காது. ஐந்து நிமிடம் பொறுத்து, விரலில் ஒட்டாத நிலை வந்த பிறகு ஒட்டை வைத்து அழுத்துங்கள். மேலே கொஞ்சம் பேபி பவுடர் தூவினால் டியூப் டயரில் ஒட்டிக்கொள்ளாது. டியூபைத் திரும்பப் போடுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நெருஞ்சி முள் இன்னும் அங்கேயே இருந்தால் நாளைக்கும் இதே வேலைதான். வெறும் விரலால் தடவ வேண்டாம்.

செயினுக்கு வருவோம். நம் ஊர்களில் கடற்காற்றின் உப்பும் மணலும் செயினின் எதிரிகள். மாதம் ஒருமுறை மண்ணெண்ணெய் நனைத்த பழைய சாரத் துண்டால் செயினை அழுக்குப் போகத் துடைத்து, காய்ந்ததும் இணைப்புக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், வெளியில் நிற்கும் எண்ணெய் மணலைத்தான் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெயே இதற்குப் போதும். மெல்லியது என்பதால் மழையில் கழுவுண்டு போகும், நனைந்து வந்தால் மறுபடியும் போட வேண்டும். சமையலறைத் தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், சில நாளில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆடலாம். அதைவிடத் தொங்கினால் பின் சில்லின் நட்டுகளைத் தளர்த்தி, சில்லை நேராகப் பின்னுக்கு இழுத்து இறுக்க வேண்டும். செயினின் பழமையை அறியத் தையல் அளவு நாடா இருக்கிறதே, 24 இணைப்புகளை அளந்து பாருங்கள். புதியதில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அதற்கு மேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் மாற்றுவதே நல்லது.

மிதிக்கும்போது கேட்கும் அந்தக் 'கடக்' சத்தம் பெரும்பாலும் பெடல் தண்டை அச்சில் பிடித்திருக்கும் கொட்டர்பின் தளர்ந்ததால் வருவது. இதையும், சில்லுக் கம்பிகள் அறுந்து ரிம் கோணிப் போவதையும், ஹப்புக்குள் குண்டுகள் நொறுங்குவதையும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடைக்காரரிடமே விடுங்கள். ஆனால் தாமதிக்காமல் விடுங்கள், தளர்ந்த பின்னோடு ஓடினால் பெடல் தண்டே பாழாகும். ஹாண்டில் இறுக்கமா என்பதை நீங்களே பார்க்கலாம். முன் சில்லை முழங்கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு ஹாண்டிலைத் திருப்புங்கள், தனியாகத் திரும்பக் கூடாது.

இன்னொன்று. சீருடையை இரண்டு வருடத்துக்குக் காணட்டும் என்று பெரிதாகத் தைப்பது போல், சைக்கிளையும் பெரிதாக வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். சீற்றில் அமர்ந்தபடி கால் விரல்கள் நிலத்தில் ஊன்றாத பிள்ளை, சந்தியில் நிற்பதற்குப் பயந்து நிற்காமலே போகும். சீற்றை இறக்கிவிடுங்கள், இறக்கியும் எட்டாவிட்டால் அந்தச் சைக்கிள் அந்தப் பிள்ளைக்குரியதல்ல. அபாயாவும் பர்தாவும் அணியும் பெண் பிள்ளைகளுக்குச் செயின் கவரும், பின் சில்லின் இருபுறமும் வலையும் கட்டாயம் வேண்டும். கவர் கழன்று விழுந்தால் சத்தம் குறைந்தது என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடுகிறோம். உடுப்பின் ஓரம் செயினில் சிக்கினால் பிள்ளை நடு வீதியில் விழும். கெரியரில் தம்பி தங்கையை ஏற்றினால் கால் வைக்க இருபுறமும் மிதிகட்டை பூட்டுங்கள். டியூஷன் முடிந்து மஃரிபுக்குப் பிறகு வரும் பிள்ளையின் பின் மட்காட்டில் சிவப்புப் பிரதிபலிப்பான் சேறு படியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனைக்கும் தேவையான ஸ்பேனர் இரண்டு, அரத்தாள், சொலூஷன், ஒட்டுத் துண்டுகள், ஒரு சாண் வால் டியூப், எண்ணெய்க் குப்பி எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிடும். சனிக்கிழமை காலையில் பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு செய்யுங்கள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு நீங்கள் டின்னை எடுத்துக் கொடுத்தால் போதும்.

என் தங்கச்சியின் மகள் இப்போது சைக்கிளில்தான் பாடசாலைக்குப் போகிறாள். செயினுக்கு எண்ணெய் விடுவதும் டியூபுக்கு ஒட்டுப் போடுவதும் அவளே. ரிம்மைத் துடைக்கும் வேலையை மட்டும் தங்கச்சி யாரிடமும் விடுவதில்லை. ஒரு வாளி சவர்க்காரத் தண்ணீரும் காய்ந்த துணியுமாக உம்மாக்காரியே வந்து உட்கார்ந்துவிடுவாள்.